நாற்பது நாள் வெயில்

திண்டுக்கல்
4-1-1961

அன்புள்ள மாப்பிள்ளை அப்துல் சுக்கூருக்கு,

சுருளிவேல் எழுதுவது. இங்கு நானும் பழனியம்மாளும் நலம். சென்னையில் நீயும் உன் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

இரண்டு வருடமாக உனக்கு நான் எழுதவில்லை. எழுதும்படி எதுவும் நடக்கவில்லை. இப்போது நடந்திருக்கிறது. சென்னை ஓவியக் கழகம் சித்திரை மாதக் கண்காட்சியில் எனக்கு ஒரு சுவர் கொடுப்பதாக எழுதியிருக்கிறது. மூலை அல்ல, முழுச் சுவர். ஐந்து எண்ணெய்ப் படங்கள் மாட்டலாம்.

இந்தக் கழகத்துக்கு ஒன்பது தடவை விண்ணப்பம் போட்டேன். 'எந்தப் பள்ளியில் ஓவியம் பயின்றீர்' என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். ஒன்பது தடவையும் 'சுருட்டுக் கம்பெனி' என்றுதான் எழுதினேன். அங்கே லேபிள் ஒட்டிக்கொண்டே, லேபிளில் இருந்த யானையையும் துரையையும் பார்த்து வரைந்து கற்றுக்கொண்டவன் நான். சுருட்டுப் பெட்டி மூடிகளில்தான் முதன்முதலில் எண்ணெய் வண்ணம் பூசினேன். உண்மையை எழுதியதற்கு எட்டுத் தடவை பதிலே வரவில்லை. ஒன்பதாவது தடவை வந்துவிட்டது. எனக்கு வயது ஐம்பத்தொன்பது. பத்தாவது தடவை எழுத எனக்கு விருப்பமில்லை.

ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். ஐந்தில் ஒன்று, ஆளை எதிரே உட்கார வைத்து எழுதிய உருவப்படமாக இருக்க வேண்டும். அதற்குப் பத்து வயதாவது ஆகியிருக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகாதவனின் எண்ணெய் நிலைக்குமா என்று பார்க்கிறார்களாம். பார்க்கட்டும். பங்குனியில் வந்து பார்த்து முடிவு சொல்வார்கள். அந்தப் படம் தேறாவிட்டால் மற்ற நாலும் கிடையாது.

அதனால்தான் எழுதுகிறேன். உன் அத்தா, என் சிநேகிதர் ராவுத்தரின் படத்தை எனக்கு இரவல் கொடு. 1950இல் பேகம்பூரில் தோலை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில், தோல் பதனிடும் ஆவாரம்பட்டைக் குவியலுக்கு முன்னால் பதினோரு நாள் அவர் உட்கார்ந்தது உனக்கு நினைவிருக்கும். நாலாவது நாள், "ஏப்பா சுருளி, மூக்கை முடிச்சிட்டியா? நான் மூக்கைச் சொறியணும்" என்றார். நான் எழுதியதில் அதுதான் மேலானது. அதை உன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருப்பதாக நீ எழுதியதை இந்த ஊரில் நான் சொல்லாத ஆள் இல்லை.

பதிலை எதிர்பார்க்கும்,
சுருளிவேல்


பெரியமேடு, சென்னை
15-1-1961

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. இதை எழுத எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் கேட்டதும் படத்தை எடுத்துக் கழகத்துக்கே கொண்டுபோனேன். உங்களுக்கு அலைச்சல் வேண்டாமே என்று நினைத்தேன். வாசலில், பகல் வெளிச்சத்தில், போர்வையை நீக்கினேன். அத்தாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது போல் இருந்தது. முகம், சட்டை, கண்ணின் வெள்ளை, எல்லாம் மஞ்சள். ஆவாரம்பட்டையும் அவர் முகமும் ஒரே நிறம்.

கழகத்தின் செயலாளர் ஆரோக்கியதாஸ் என்பவர். ஓவிய ஆசிரியர், இருபத்தாறு வருட அனுபவம். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கிட்டத்தில் பார்த்துவிட்டு, "விளக்கெண்ணெய் கலந்திருப்பார். பஜார்ல போர்டு எழுதறவங்க இப்படித்தான் செய்வாங்க" என்றார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் அத்தாவைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ரிக்ஷாவில் ஏறினேன்.

மாமா, அத்தா உங்களைக் கூடப் பிறந்தவர் போல நினைத்தார். பதினோரு நாள் தொழிலை விட்டுவிட்டு உட்கார்ந்தார். அவருக்கா இப்படி எண்ணெய் போட்டீர்கள்? கழகத்தில் உங்கள் சுவரைத் திரும்பப் பெறப் போகிறார்கள். நான் தடுக்கவில்லை.

அப்துல் சுக்கூர்


திண்டுக்கல்
19-1-1961

அப்துல் சுக்கூருக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை. அதனால் விசாரிக்கவில்லை.

என் வாழ்க்கையில் ஒரு சொட்டு விளக்கெண்ணெயை வண்ணத்தில் சேர்த்ததில்லை. அது காயாது என்பது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிறவனுக்குக்கூடத் தெரியும். நான் சேர்ப்பது ஆளிவிதை எண்ணெய். அதையும் அகலக் கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி, மாடியில் மூன்று மாதம் வெயில் காட்டி, பாகு பதம் வந்த பிறகுதான் தொடுவேன். "ஊர்ல எல்லாரும் வத்தலக் காயப்போடுவாக, எம் புருசன் எண்ணெயக் காயப்போடுவாரு" என்று பழனியம்மாள் முப்பது வருடமாக எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள்.

உன் அத்தா படத்துக்கு எடுத்த அதே புட்டியில், அதே மாதம், சின்னாளப்பட்டி நெசவாளர் பொன்னழகுவின் படத்தையும் எழுதினேன். துணியும் அவர் நெய்து கொடுத்ததுதான். இரண்டு படத்துக்கும் ஒரே துணி. நேற்று பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தறிக்குப் பக்கத்தில், ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருக்கிறார். படத்தில் வேட்டி வேட்டியாகவே வெளுத்திருக்கிறது. பத்து வருடத்தில் ஒரு மஞ்சள் கிடையாது.

அந்த ஓவிய ஆசிரியருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 1932இல் ஒரு சுருட்டுப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒரு வெள்ளைப் பசுவை எழுதினேன். பெட்டியை மூடி வைத்துவிட்டேன். ஒரு வருடம் கழித்துத் திறந்தால் பசு மஞ்சளாகிவிட்டது. எண்ணெய் கெட்டது என்று நினைத்து மாடியில் வீசினேன். மிளகாய் வற்றல் அள்ளப் போன பழனியம்மாள் ஒன்றரை மாதம் கழித்து அதையும் சேர்த்து அள்ளி வந்தாள். பசு வெள்ளையாக இருந்தது. அன்றைக்குக் கற்றேன். இந்த எண்ணெய் இருட்டில் மஞ்சள் ஏறும், வெயிலில் மஞ்சள் இறங்கும். வேறு எதனாலும் அல்ல.

ஆகவே எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. உன் கடிதங்களை நான் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். 1952இல், 'படம் கூடத்தில் இருக்கிறது, வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள்' என்று எழுதினாய். 1955இல், 'கூடத்துக்கே அத்தா களை கொடுக்கிறார்.' 1958இலும் அப்படித்தான். உன் வீட்டுக் கூடத்துக்கு மூன்று ஜன்னல் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

மூன்று ஜன்னல் உள்ள கூடத்தில் என் எண்ணெய் மஞ்சளாகாது. என் படம் பத்து வருடம் எங்கே இருந்தது?

சுருளிவேல்


பெரியமேடு, சென்னை
29-1-1961

மாமா அவர்களுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

படம் கூடத்தில் இல்லை. ஒரு நாள்கூட இருந்ததில்லை.

அத்தா மௌத்தாகி, அடக்கம் முடிந்த பிறகு நாங்கள் சென்னைக்குக் குடிவந்தது உங்களுக்குத் தெரியும். வந்த அன்று படத்தை மாட்ட ஆணி அடித்தேன். அம்மா பார்த்துவிட்டு, தொழுகிற கூடத்தில் உருவம் வேண்டாம் என்று சொன்னார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். எங்கள் வீட்டில் ஜெய்தூன் பீவி ஒரு சொல் சொன்னால் இரண்டாம் சொல் கிடையாது. நான் ஆணியைப் பிடுங்கினேன். படத்தை அத்தாவின் பச்சைக் கம்பளியில் சுற்றி, வேப்பிலையும் கற்பூரமும் போட்டு, தேக்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பூச்சி அரிக்கக் கூடாது, தூசி படக் கூடாது என்று அத்தனை பத்திரமாக வைத்தேன். அம்மா பிறகு கேட்கவில்லை. உங்களிடமே திருப்பி அனுப்பிவிட்டதாக நினைத்திருப்பார்கள்.

வருடம் ஒரு தடவை, அத்தாவின் நினைவு நாளில், பெட்டியைத் திறந்து பார்ப்பேன். பெட்டி அறைக்கு ஜன்னல் இல்லை. அரிக்கேன் விளக்கோடு போவேன். அந்த வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சள்தான். அதனால் எனக்குத் தெரியவே இல்லை.

உங்களிடம் உண்மையைச் சொன்னால், மதிப்பில்லாமல் அடைத்து வைத்தான் என்று நினைப்பீர்களே என்றுதான் அப்படி எழுதினேன். முதல் பொய்க்குப் பிறகு மற்றவை தானாக வந்தன. கடைசியில் உங்கள் எண்ணெயையும் பழித்துவிட்டேன். நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வேண்டுகோள். படத்தை ரயிலில் திண்டுக்கல்லுக்கு அனுப்புகிறேன். நீங்களே வெயில் காட்டுங்கள். இங்கே மொட்டை மாடியில் வைத்தால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

சுக்கூர்


திண்டுக்கல்
1-2-1961

அப்துல் சுக்கூருக்கு,

அனுப்பாதே. ரயிலில் மூடிக் கட்டித்தான் அனுப்புவாய். மறுபடியும் இருட்டு. அதுவும் போக, மறைத்தவன் நீ. நாலு பேர் பார்க்க வெளியே வைக்க வேண்டியவனும் நீதான். சென்னை வெயிலுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

பத்து வருடமாக நான் இந்த ஊரில் என்ன சொல்லிக்கொண்டு திரிந்தேன் தெரியுமா? மலைக்கோட்டை அடிவாரத்தில் டீ குடிக்கிறவனிடம் எல்லாம், ராவுத்தர் சென்னைக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொன்னேன். அவர் பெட்டிக்குள் கிடந்திருக்கிறார். அம்மாவின் சொல்லை மீறச் சொல்லி நான் கேட்டிருக்க மாட்டேன். 'கூடத்தில் முடியாது மாமா' என்று ஒரு வரி எழுதியிருந்தால் வேறு இடம் சொல்லியிருப்பேன். நீ பொய் எழுதியதுதான் எனக்கு வலிக்கிறது. அதை இப்போது மன்னிக்கிறேன் என்று எழுத மாட்டேன். வேலை முடியட்டும்.

காலை வெயில் பத்து மணி வரை நேராகப் படட்டும். அதற்கு மேல் நல்ல வெளிச்சமுள்ள நிழலில் வை. பனி இறங்கும் முன் உள்ளே எடு. தண்ணீர் தொடாதே. எலுமிச்சை, உருளைக்கிழங்கு என்று எவனாவது வைத்தியம் சொன்னால் கேட்காதே. நாற்பது நாள்.

இன்னொன்று. இதுதான் முக்கியம். இடது தோளின் மேல், மேலிருந்து கீழாக, நாலு விரல் அகலத்துக்குக் கறுப்புக் காகிதம் வைத்து, சட்டத்தோடு சேர்த்து நூலால் கட்டு. அந்த ஆரோக்கியதாஸை வரச் சொல்லி, அவர் கையால் முடிச்சின் மேல் அரக்கு முத்திரை வைக்கச் சொல். நாற்பது நாள் கழித்து அவரே அவிழ்க்கட்டும். படம் முழுவதும் வெளுத்தால் 'துடைத்திருப்பான், மேல்பூச்சுப் பூசியிருப்பான்' என்று சொல்லுவார். வாய் திறக்க அவருக்கு இடம் கொடுக்கக் கூடாது.

சுருளிவேல்


பெரியமேடு, சென்னை
25-2-1961

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

இன்றோடு இருபத்து மூன்று நாள். நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். ஆரோக்கியதாஸ் வந்து சிரித்துக்கொண்டேதான் முத்திரை வைத்தார். "அப்பளம் காயவைக்கிற மாதிரியா?" என்று கேட்டார். நான் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தேன். உங்களைப் போல எனக்குச் சட்டென்று பதில் வராது.

முதல் பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. பன்னிரண்டாம் நாள் கண்ணில் வெள்ளை வந்தது. கருவிழிக்குப் பக்கத்தில் நீங்கள் வைத்த சின்னப் புள்ளி, அது முதலில் வந்தது. அத்தா என்னைப் பார்த்தார்.

இப்போது முக்கியமான செய்தி. நோன்பு தொடங்கி இரண்டாம் நாள், அம்மா மாடிக்கு வந்துவிட்டார்கள். முட்டி வலியால் நாலு வருடமாக ஏறாதவர்கள். பக்கத்து வீட்டில் யாரோ, "உங்க மாடியில ஒரு பெரியவரு காலையிலேயே வெயில்ல உக்காந்திருக்காரே" என்று சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா வந்து நின்றார்கள். வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு விரலை நீட்டி, தொடாமல், "இடது புருவத்துல இருந்த வெட்டக்கூட விடலையே அந்தச் சுருளி" என்றார்கள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, கம்பளி, பூட்டு எல்லாம். அம்மா என் பக்கம் திரும்பி, "தொழுவுற கூடத்துல வேணாம்னுதானே சொன்னேன். பொட்டியில போட்டு அடைக்கவா சொன்னேன்? இங்க பெரியமேட்டுல அவுக வச்ச கிட்டங்கியில மாட்ட வேண்டியதுதானே. அவுக எடம் அதுதானே" என்றார்கள்.

மாமா, பத்து வருடம். ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை.

இப்போது தினமும் அம்மாவே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து காக்கை விரட்டுகிறார்கள். நேற்று ஒன்பதரை மணிக்கே, "அவுகளுக்கு வெயில் ஆகாதுலே. செத்த நேரம் நெழலுக்குத் தள்ளு" என்றார்கள். மாமா பத்து மணி என்று எழுதியிருக்கிறார் என்றேன். "உங்க மாமனுக்கு என்ன தெரியும், நானுல்ல குடித்தனம் பண்ணுனவ" என்றார்கள். பத்து மணி வரை வைத்தேன். உங்கள் சொல்தான் நடந்தது.

சுக்கூர்


திண்டுக்கல்
1-3-1961

சுக்கூருக்கு,

அம்மாவிடம் சொல். அந்தப் புருவ வெட்டைப் போட வேண்டாம் என்று ராவுத்தர் பதினோரு நாளும் சொன்னார். நான் கேட்கவில்லை. அதற்காகக் கடைசி நாள் என்னோடு பேசாமல் போனார். மறுநாள் வந்து பார்த்துவிட்டு, "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

பத்து மணி வரை வைத்தது சரி.

முத்திரை உடைக்கும் நாளில் என்னை வரச் சொல்லி எழுதுவாய் என்று தெரியும். வர மாட்டேன். நான் பக்கத்தில் நின்றால் என் கைவரிசை என்பார்கள். கண்காட்சிக்கும், ஆரோக்கியதாஸ் தன் கையெழுத்தில் என் எண்ணெய் நல்ல எண்ணெய் என்று எழுதினால்தான் வருவேன். இல்லாவிட்டால் சுவரை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

சுருளிவேல்


பெரியமேடு, சென்னை
22-3-1961

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள், நேற்று, மூன்று பேர் வந்தார்கள். ஆரோக்கியதாஸும் அன்று சிரித்த இரண்டு பேரும். நான் அவர்களை மாடிக்கே அழைத்துப் போனேன். அம்மா படிக்கதவுக்குப் பின்னால் நின்றார்கள்.

படியேறி வந்த ஆரோக்கியதாஸ் பாதியில் நின்றுவிட்டார். அத்தா எதிரே உட்கார்ந்திருந்தார். சட்டை வெள்ளை. ஆவாரம்பட்டை சிவப்பு. கை நரம்பில் நீங்கள் போட்ட நீலம்கூட வந்திருக்கிறது. ஒருவர், "இது வேற படம்" என்றார். ஆரோக்கியதாஸ், "முத்திரை என்னுது" என்றார். அதற்காக அவரை மதிக்கிறேன் மாமா.

அவரே அரக்கை உடைத்தார். நூலை அவிழ்த்தார். காகிதத்தை எடுத்தார். தோளின் மேல் நாலு விரல் அகலத்துக்கு மஞ்சள், அதே பழைய மஞ்சள். அதன் இரு பக்கமும் வெள்ளை. கோடு கிழித்தது போல. கைக்குட்டையை எடுத்து மஞ்சளைத் துடைத்துப் பார்த்தார், வெள்ளையையும் துடைத்துப் பார்த்தார். கைக்குட்டையில் ஒன்றும் ஒட்டவில்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இருபத்தாறு வருஷமாப் பாடம் நடத்துறேன். இது எனக்குத் தெரியாது" என்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா, "கேட்டிருந்தா சொல்லியிருப்பாரு" என்றார்கள். அது எனக்கும் சேர்த்துச் சொன்னது.

சுவர் உங்களுக்குத்தான். நுழைந்ததும் எதிரே இருக்கும் பெரிய சுவர். அத்தா நடுவில். அந்த மஞ்சள் பட்டையையும் அப்படியே காட்ட வேண்டும் என்று அவரே கேட்கிறார். அவர் கைப்பட எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். 'திரு. சுருளிவேல் அவர்களின் எண்ணெய் நான் கண்டவற்றுள் தூய்மையானது. நான் சொன்னது தவறு' என்று எழுதியிருக்கிறார். நீங்கள் கேட்டதைவிட ஒரு வரி அதிகம்.

இனி நீங்கள் வராமல் இருக்க முடியாது. அம்மா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எனக்கும் நேரில் சொல்ல ஒன்று இருக்கிறது.

சுக்கூர்


திண்டுக்கல்
2-5-1961

அன்புள்ள மாப்பிள்ளை சுக்கூருக்கு,

இங்கு நலம். உங்கள் நலமறிய அவா.

ஊர் வந்து சேர்ந்தேன். ஸ்டேஷனில் இறங்கினால், சுருட்டுக் கம்பெனிக்காரர்கள் நாற்பது பேர் மாலையோடு நின்றார்கள். சின்னாளப்பட்டியிலிருந்து பொன்னழகு, தன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். "ஒரே புட்டி எண்ணெய், ஒரே துணி. அது நான் நெய்ஞ்சது" என்று ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பழனியம்மாள் வரவில்லை. வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள். போனதும், "மெட்ராசுல எண்ணெயக் காயப்போடுற வேற ஆளப் பாத்தீகளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நாந்தான் சொன்னேனே" என்றாள்.

கண்காட்சியில் பதினோரு நாளும் அந்தச் சுவருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீ தொழிலை விட்டுவிட்டுப் பதினோரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்தாய். முதல் நாள் நீ சொன்னதற்கு நான் அங்கே பதில் சொல்லவில்லை. அவ்வளவு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. இப்போது சொல்கிறேன், அது முடிந்தது. கூடம் என்று எழுதிய உன் பழைய கடிதங்கள் மூன்றையும் அடுப்பில் போட்டுவிட்டேன்.

கழகம் எனக்குக் கொடுத்த தங்கப் பதக்கத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதற்காக ஆரோக்கியதாஸ் கோபித்தார். கழுத்தில் மாட்டிக்கொள்ள நான் என்ன ஜல்லிக்கட்டு மாடா? அதைவிட அவர் கடைசி நாள் காட்டியதுதான் எனக்குப் பிடித்தது. அடுத்த வருட விண்ணப்பத் தாளைக் காட்டினார். 'எந்தப் பள்ளியில் பயின்றீர்' என்ற கட்டம் அதில் இல்லை. எடுத்துவிட்டார்கள். பத்தாவது விண்ணப்பம் போட இப்போது எனக்கு விருப்பம் வந்திருக்கிறது.

பெரியமேட்டுக் கிட்டங்கியில் படத்தை மாட்டப் போவதாக நீ சொன்னாய். வாசலுக்கு எதிரே, வெளிச்சம் விழும் இடத்தில்தானே? நல்லது. அங்கே அவர் யாரையும் ஏமாற விட மாட்டார்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. நான் ரயிலேறும் முன் உன் அம்மா என்னிடம் கேட்டார்கள். "எல்லாரும் பாத்தாச்சு. இன்னும் அவுக தோள் மட்டும் ஏன் இருட்டுல கிடக்கணும்?" என்று. முடியாது, அது என் சாட்சி என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டேன். விழுப்புரம் தாண்டும் வரை நான் சொன்னதுதான் சரி என்று இருந்தேன். திருச்சி வரும்போது எனக்கு அந்தத் தோள் நினைவுக்கு வந்தது. ஐந்தாம் நாள் எழுதியது. அன்றைக்குக் கிட்டங்கி ஓட்டில் ஒரு ஓட்டை வழியாக வெயில் அவர் தோளில் விழுந்தது. நகர்ந்து உட்காரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அது இருக்கட்டும் என்று சொன்னவன் நான்தான். அந்த மஞ்சள் பட்டைக்கு அடியில் இருப்பது அந்த வெயில்.

ஆகவே மறுபடியும் நாற்பது நாள், காலை பத்து மணி வரை, மாடியில். இதை விட்டுக்கொடுத்ததாக யாரும் நினைக்க வேண்டாம். சாட்சியைப் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். அம்மா ஒன்பதரைக்கு நிழலுக்குத் தள்ளச் சொன்னால், இந்தத் தடவை தள்ளிவிடு.

நகராட்சி மண்டபத்துக்கு ஒரு பெரிய படம் கேட்டிருக்கிறார்கள். துணிக்குப் பொன்னழகு தறியில் பாவு பூட்டிவிட்டார். எண்ணெய்ப் புட்டிகளை இன்று காலை மாடியில் வைத்தேன். வெயில் நன்றாக இருக்கிறது.

உன் மாமன்,
சுருளிவேல்